ஜூம் கேமரா வாங்கும் முன்: 200 மி.மீ. போதுமா, 600 வேண்டுமா, 2000 எதற்கு?

கோலாலம்பூர் லோ யாட் பிளாசா ஆகட்டும், பினாங்கில் கொம்தாரைச் சுற்றியுள்ள கடைகள் ஆகட்டும், ஜூம் கேமரா என்று கேட்டதும் விற்பவர் வாயிலிருந்து முதலில் வருவது ஓர் எண்: 30 எக்ஸ், 40 எக்ஸ், 65 எக்ஸ். எண் பெரிதானால் கேமராவும் உசத்தி என்ற நினைப்பு கூடவே தொற்றிக்கொள்கிறது. அந்த எண் சொல்வது ஒன்றே ஒன்றுதான். லென்ஸை முழுக்க நீட்டும்போது வரும் குவியத்தூரம் (தொலைவில் இருப்பதை எவ்வளவு கிட்டே இழுக்கும் என்பதைக் காட்டும் மி.மீ. அளவு), முழுக்கச் சுருக்கும்போது இருப்பதைப்போல் எத்தனை மடங்கு என்பது. லென்ஸின் முகப்பு வளையத்தில் அந்த இரண்டு அளவுகளும் பொறிக்கப்பட்டிருக்கும், நீங்களே வகுத்துப் பார்க்கலாம். பானசோனிக் லூமிக்ஸ் டிஇசட்99-இல் 4.3–129 மி.மீ. என்றிருக்கும், 129-ஐ 4.3-ஆல் வகுத்தால் 30. சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7-இல் 9–72. வகுத்தால் வெறும் 8. ஆனால் இரவில் தைப்பூச இரதத்தைப் படம் எடுக்க இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், விஷயம் தெரிந்தவர் யாரும் அந்த 30 எக்ஸைத் தொடமாட்டார்.

ஆகவே மடங்கை மறந்துவிட்டு, பெட்டியில் 'முப்பத்தைந்து மி.மீ. நிகர்' என்று போட்டிருக்கும் அளவைப் பாருங்கள்; எல்லாக் கேமராக்களையும் பழைய 35 மி.மீ. ஃபிலிம் கேமராவோடு ஒப்பிட்டுச் சொல்லும் பொது அளவு அது. டிஇசட்99 என்பது 24–720 மி.மீ. ஆர்எக்ஸ்100 மார்க் 7 என்பது 24–200. கேனன் எஸ்எக்ஸ்70 எச்எஸ் 21–1365, நிக்கான் பி950 24–2000. தொடக்க எண்ணையும் அலட்சியம் செய்யக்கூடாது. கோடாக் எஃப்இசட்55 போன்ற மலிவு கேமராக்கள் 28-இல் தொடங்குகின்றன. பத்துமலைப் படிக்கட்டின் அடியில் கூட்டம் நெருக்கும்போது பின்னால் நகர இடமிருக்காது, 42.7 மீட்டர் முருகன் சிலையை அடிமுதல் முடிவரை ஒரே படத்தில் அடக்க 24 மி.மீ.யில் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தாலும் நன்றாகத் தள்ளி நிற்க வேண்டும். 28 என்றால் அந்தத் தூரம் இன்னும் கூடும்.

இன்னொரு ஏமாற்று, டிஜிட்டல் ஜூம். இணையச் சந்தையில் '48 மெகாபிக்சல், 16 எக்ஸ் டிஜிட்டல் ஜூம்' என்று நூற்றுச் சொச்ச ரிங்கிட்டுக்குக் குவிந்து கிடக்கும் பெயர் தெரியாத கேமராக்களில் லென்ஸ் அசையவே அசையாது. படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதோடு சரி, அதைக் கைப்பேசியே செய்யும். பெயர்பெற்ற நிறுவனங்களும் இன்டெலிஜென்ட் ஜூம், ஜூம் பிளஸ், கிளியர் இமேஜ் ஜூம் என்று ஆளுக்கொரு பெயர் சூட்டி அதே வேலையைக் கொஞ்சம் நாகரிகமாகச் செய்கின்றன. பெட்டியில் 'ஆப்டிகல்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் எண் மட்டுமே கணக்கு. வாங்கிய முதல் நாளே மெனுவில் புகுந்து டிஜிட்டல் ஜூமை அணைத்துவிடுவது உத்தமம்.

ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல்

எவ்வளவு நீளம் வேண்டும் என்பதை ஊகிக்கத் தேவையில்லை. தூரத்தை 36-ஆல் பெருக்கி, படத்தின் நீண்ட பக்கத்தில் எத்தனை மீட்டர் அடங்க வேண்டுமோ அதனால் வகுத்தால், தேவையான மி.மீ. கிடைத்துவிடும். 36 என்பது பழைய ஃபிலிமில் ஒரு படத்தின் அகலம், மி.மீ.யில்.

காவடி எடுப்பவர் 5 மீட்டரில் வருகிறார், கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து காவடியோடு சேர்த்து 3 மீட்டரை அடக்க வேண்டும் என்றால் 60 மி.மீ. போதும். அதே தூரத்தில் முகமும் தோளும் மட்டும், அதாவது 1 மீட்டர், என்றால் 180. தைப்பூசத்தில் எடுக்கப்படும் நல்ல காவடிப் படங்களில் பெரும்பாலானவை இந்த எல்லைக்குள்தான் வரும். 720 மி.மீ. அங்கே சும்மா கிடக்கும்.

அரங்கேற்றம். பத்தாவது வரிசை, மேடைக்கு 12 மீட்டர். ஆடுபவர் முழு உருவம், கை உயர்த்தினால் 2.2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 196 மி.மீ. இடுப்புக்கு மேல் 1.2 மீட்டர் என்றால் 360. அபிநயம் மட்டும், முகமும் முத்திரையும் 60 செ.மீ.க்குள் வேண்டுமென்றால் 720.

பறவைகளில் கணக்கு தலைகீழாகிவிடும். பினாங்கில் மரத்தில் 20 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் இருவாச்சி சுமார் 60 செ.மீ. அது படத்தின் பாதியை அடைக்க 600 மி.மீ. வேண்டும். கோலசிலாங்கூர் ஆற்றின் மேல் 40 மீட்டரில் வட்டமிடும் செம்பருந்துக்கு, சிறகு விரித்தால் ஒரு மீட்டருக்கு மேல் இருப்பதால், 600 முதல் 700 வரை. ஆனால் கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவில் 25 மீட்டருக்கு அப்பால் கிளையில் இருக்கும், கால் மீட்டர்கூட இல்லாத மீன்கொத்தி? 1800. இங்கேதான் 2000 மி.மீ. கேமரா பிறந்ததற்கு அர்த்தம் வருகிறது.

உங்களுக்கு வேண்டிய மூன்று நான்கு காட்சிகளை இப்படிக் காகிதத்தில் கணக்குப் போட்டுவிட்டுக் கடைக்குப் போனால், பாதிக் கேமராக்கள் தானாகவே விலகிவிடும். மீதிப் பாதியை விலக்குவது வெளிச்சம்.

இரவில் தோற்பது எது, ஏன்

ஜூம் கேமராக்களில் மூன்று அளவுச் சென்சார்கள் (ஒளியைப் படமாகப் பதியும் சில்லுகள்) புழங்குகின்றன. பானசோனிக் டிஇசட்99, கேனன் எஸ்எக்ஸ்740, எஸ்எக்ஸ்70, நிக்கான் பி950, பி1000 எல்லாவற்றிலும் இருப்பது ஏறத்தாழ 6.2 × 4.6 மி.மீ. சென்சார், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. 'ஒரு இன்ச்' என்று சொல்லப்படும் சென்சார் 13.2 × 8.8 மி.மீ.; பரப்பில் முன்னதைப்போல் நான்கு மடங்கு. லென்ஸ் மாற்றும் கேனன் ஆர்50-இல் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சார் 22.3 × 14.9, அதாவது ஒரு இன்ச்சைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஒரே அபெர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் துவாரம்), ஒரே சட்டர் வேகம் (ஒளியை உள்ளே விடும் நேரம்) என்றால், பரப்புக்குத் தகுந்த ஒளிதான் சேரும். ஒளி குறைந்தால் கேமரா ஐஎஸ்ஓவை, அதாவது ஒளியுணர்வை, ஏற்றும், படத்தில் 'நாய்ஸ்' எனப்படும் புள்ளிகள் மணல் தூவினாற்போல் வரும், அதை மறைக்க மென்பொருள் இழைக்கும், பட்டுச்சேலையின் சரிகை மஞ்சள் சாயம் பூசினாற்போல் ஆகிவிடும். எந்தக் கேமராவிலும் இரவுப் படம் கெடுவது இந்த வரிசையில்தான்.

சிறிய சென்சாருக்கு இன்னொரு இடியும் உண்டு. லென்ஸை நீட்ட நீட்ட அபெர்ச்சர் சுருங்கும்; அதைக் காட்டும் எஃப் எண் கூடக்கூட ஒளி குறையும். டிஇசட்99 24 மி.மீ.யில் எஃப் 3.3, 720 மி.மீ.யில் எஃப் 6.4, நீட்டியதும் ஒளி ஏறக்குறைய நான்கில் ஒன்றாகிவிடுகிறது. இரவில் இந்த வகைக் கேமராதான் கையில் இருக்கிறது என்றால் வழி ஒன்றுதான்: ஜூம் பொத்தானைத் தொடாமல், நடந்து கிட்டே போய் அகலக் கோணத்தில் எடுப்பது.

கோலாலம்பூரில் வெள்ளி இரதம் ஜாலான் துன் எச்.எஸ். லீ ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயத்திலிருந்து இரவில் புறப்பட்டு மறுநாள்தான் பத்துமலையை அடைகிறது. பினாங்கில் இரதம் பகலில் கிளம்பினாலும் தண்ணீர்மலைப் பக்கம் சேர இருட்டிவிடும். இரதம் நகரும்போது சட்டர் 1/125 நொடி போதும். காவடி சுழல்கிறதென்றால் 1/250-க்குக் குறையக்கூடாது. ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விட்டு, அதற்கொரு உச்சவரம்பு வைத்துக்கொள்ளுங்கள். சிறிய சென்சாருக்கு 800, ஒரு இன்ச்சுக்கு 3200, ஏபிஎஸ்-சிக்கு 6400. அதற்கு மேல் போனால் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்க்கவே கண் கூசும். வெள்ளித் தகடு விளக்கில் மின்னும்போது சுற்றிலும் இருட்டாக இருப்பதைப் பார்த்துக் கேமரா ஏமாந்து, தகட்டை வெள்ளைக் காகிதமாக்கிவிடும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) ஒரு படி குறைத்து வைத்தால் வேலைப்பாடு தெரியும்.

எதற்கு எது

முதலில் கைப்பேசி. சாம்சங் எஸ்24 அல்ட்ரா, ஐபோன் 16 புரோ போன்றவற்றில் 5 எக்ஸ் லென்ஸ் உண்மையான ஆப்டிகல் லென்ஸ், 35 மி.மீ. கணக்கில் முறையே 111, 120 மி.மீ. அந்த நீளம் வரை, பல படங்களை அடுக்கி ஒன்றாக்கும் அதன் மென்பொருள் பலத்தில், சிறிய சென்சார் பாக்கெட் கேமராவைக் கைப்பேசி முந்திவிடும். எனவே மேலே போட்ட கணக்கில் உங்கள் எண்கள் எல்லாம் 120-க்குள் விழுந்தால், அந்த மாதிரிக் கைப்பேசி ஏற்கெனவே கையில் இருந்தால், கேமரா வாங்காமல் திரும்பி வரலாம். 10 எக்ஸைத் தாண்டினால் மென்பொருள் இல்லாததை ஊகித்து நிரப்பத் தொடங்கும். தூரத்துப் பெயர்ப்பலகையில் தமிழ் எழுத்துகள் கோணல்மாணலாக வேறு லிபியைப்போல் வருவது அதனால்தான்.

சிறிய சென்சார் பாக்கெட் ஜூம்: டிஇசட்99 (24–720, சுமார் 320 கிராம்), கேனன் எஸ்எக்ஸ்740 எச்எஸ் (24–960, சுமார் 300 கிராம்). சட்டைப்பையில் அடங்கும் உடம்பில் இவ்வளவு நீளம் வேறெதிலும் கிடையாது. விலையும் இந்தப் பட்டியலில் கீழ்ப்பக்கம்தான். வெயிலில், அதாவது நம் ஊரில் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை, தாராளமாக வேலை செய்யும். தமிழ்ப்பள்ளிப் போட்டி விளையாட்டு, பினாங்குக் கொடிமலை, விலங்கியல் பூங்கா, ஊர் சுற்றுவது இதற்கெல்லாம் பொருத்தம். இரண்டு குறைகளைத் தெரிந்து வாங்க வேண்டும். ஒன்று, இரண்டிலும் கண் வைத்துப் பார்க்கும் துவாரம் கிடையாது. உச்சி வெயிலில் பள்ளித் திடலில் திரை கறுப்புக் கண்ணாடியாகிவிடும், 720 மி.மீ.யில் பிள்ளை எங்கே ஓடுகிறான் என்று தேடுவதற்குள் பந்தயம் முடிந்துவிடும். இரண்டு, எதிரே ஓடிவரும் ஆளை ஃபோகஸ் துரத்திப் பிடிக்காது. முடிவுக்கோட்டில் தரையைப் பார்த்துப் பொத்தானைப் பாதி அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிள்ளை கோட்டுக்கு வரும் கணத்தில் முழுக்க அழுத்துவதுதான் வழி. எஸ்எக்ஸ்740-இல் ரா கோப்பு (சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் கோப்பு) எடுக்க முடியாது என்பதையும் சேர்த்துக்கொண்டால், இரண்டில் டிஇசட்99 பக்கம் சாயலாம்; யுஎஸ்பி-சியில் சார்ஜ் ஏறுவதும் அன்றாடத்துக்கு வசதி.

ஒரு இன்ச் பாக்கெட்: ஆர்எக்ஸ்100 மார்க் 7 (24–200, எஃப் 2.8–4.5, 302 கிராம்), பானசோனிக் டிஇசட்200 (24–360, எஃப் 3.3–6.4, 340 கிராம்). கோயில், கல்யாணம், பயணம், பிறந்தநாள் என்று எல்லாவற்றுக்கும் ஒரே கேமரா வேண்டும் என்கிற குடும்பங்களுக்கு இந்த வகைதான் சரி. இரண்டுக்கும் இடையில் தேர்வு எளிது. இரவும் அரங்கமும் அதிகம் என்றால் சோனி. பகல் பயணம் அதிகம், 200 பற்றாது என்றால் பானசோனிக். சோனியின் ஃபோகஸ் இந்த அளவுக் கேமராவில் அபாரம், நொடிக்கு 20 படம் எடுக்கும். அந்த வேகம் எலக்ட்ரானிக் சட்டரில்தான் கிடைக்கும் என்பதை விற்பவர் சொல்லமாட்டார். எல்இடி மேடை விளக்கின் கீழ் அப்படி எடுத்தால் படத்தின் குறுக்கே கறுப்பும் வெளுப்புமாகப் பட்டைகள் விழும். மெக்கானிக்கல் சட்டருக்கு மாற்றி 1/100-இல் எடுத்தால் பெரும்பாலும் போய்விடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. சோனியின் பேட்டரி நிறுவனக் கணக்கிலேயே 260 படம் மட்டும். இரதத்தோடு சுமார் 15 கிலோமீட்டர் நடக்கிறவர் கூடுதலாக இரண்டு பேட்டரி வைத்திருக்க வேண்டும்.

ஒரு இன்ச் பெரிய உடம்பு: பானசோனிக் எஃப்இசட்1000 மார்க் 2 (25–400, எஃப் 2.8–4, 810 கிராம்), சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4 (24–600, எஃப் 2.4–4, 1095 கிராம்). ஜூம் கேமரா என்ற இனத்தில் அதிகம் மதிக்கத்தக்கவை இவையே. 400, 600 மி.மீ. வரை நீட்டியும் எஃப் 4-இல் நிற்கின்றன. டிஇசட்200 நீட்டிய நிலையில் வாங்கும் ஒளியைப்போல் இவை இரண்டரை மடங்கு வாங்கும். அரங்கேற்றத்தில் பத்தாவது வரிசைக் கணக்கு நினைவிருக்கும், இடுப்புக்கு மேல் 360. அந்த இடத்தில் எஃப்இசட்1000 கச்சிதம். இருவாச்சிக்கும் பருந்துக்கும் ஆர்எக்ஸ்10. மழைத் தூறலையும் தூசியையும் ஓரளவு தாங்கும்படி கட்டப்பட்டதும் மேலே சொன்னவற்றில் ஆர்எக்ஸ்10 மட்டுமே. வெளிவந்தது 2017-இல், இன்னமும் மைக்ரோ யுஎஸ்பி; ஆனாலும் விலை இறங்க மறுக்கிறது. புதிதாகக் கிடைக்கவில்லையென்றால் பழையதைத் தேடலாம், எப்படிச் சோதிப்பது என்று கீழே இருக்கிறது.

'ஒரு கிலோவுக்கு மேல் தூக்குவதற்கு லென்ஸ் மாற்றும் கேமராவே வாங்கிவிடலாமே' என்று பலர் நினைப்பார்கள், நியாயமான கேள்வி. கேனன் ஆர்50 உடம்பு 375 கிராம், அதோடு 55–210 லென்ஸ் 270 கிராம். 35 மி.மீ. கணக்கில் 336 வரை நீளும், எடை ஆர்எக்ஸ்10-ஐவிட நானூற்றைம்பது கிராம் குறைவு. ஆனால் நீட்டிய நிலையில் அந்த லென்ஸ் எஃப் 7.1. சென்சார் மூன்று மடங்கு பெரிது, லென்ஸ் விடும் ஒளியோ மூன்றில் ஒன்று. கூட்டிக் கழித்தால் இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. இன்னும் நீளம் வேண்டுமென்று 100–400 லென்ஸைப் போட்டால் 640 மி.மீ. வரை வரும், அங்கே எஃப் 8. ஆர்எக்ஸ்10-ஐவிடச் சற்று இருட்டு. 'பெரிய சென்சார், ஆகவே இரவில் சிறப்பு' என்ற வாக்கியம் இத்தகைய மலிவு ஜூம் லென்ஸோடு சேர்த்துச் சொன்னால் பாதிதான் உண்மை.

பெரிய சென்சாரின் முழுப் பலன் கிடைப்பது ஜூமை விட்டு விலகும்போது. ஆர்50-இல் 85 மி.மீ. எஃப் 2 லென்ஸைப் பொருத்தி, மேடையிலிருந்து 8 மீட்டரில் உட்கார்ந்தால் முழு உருவம் சரியாக அடங்கும். எஃப் 4 ஒரு இன்ச் கேமராவைப்போல் பத்து மடங்குக்கு மேல் ஒளி சேரும். சட்டரை 1/500-க்கு ஏற்றி, ஜதியின் நடுவில் குதித்த கால் தரையைத் தொடும் முன் பிடிக்கலாம். மகள் வருடந்தோறும் பிரிக்பீல்ட்ஸ் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் மாதிரியான அரங்குகளில் ஆடப்போகிறாள் என்றால் பணத்தை இங்கே போடுங்கள், ஜூமில் போடாதீர்கள். முன்வரிசையில் இடம் வாங்கும் சாமர்த்தியம் மட்டும் தனி.

கடைசியாக அந்த நீளமானவை. பானசோனிக் எஃப்இசட்82டி (20–1200), எஸ்எக்ஸ்70 (21–1365), பி950 (24–2000), பி1000 (24–3000, 2025-இல் வந்த பி1100 அதே லென்ஸ், யுஎஸ்பி-சியோடு). சிறிய பறவைகளை வெயிலில் எடுப்பவருக்கும், நிலாவை எடுப்பவருக்கும் இவற்றைவிட்டால் இந்த விலையில் வேறு வழியில்லை. 2000 மி.மீ.யில் நிலா படத்தின் உயரத்தில் முக்கால் பாகத்தை அடைக்கும், 3000-இல் விளிம்பைத் தாண்டிவிடும். பி950-இல் பறவைக்கும் நிலாவுக்கும் சுழல் பொத்தானிலேயே தனித்தனி நிலை உண்டு.

ஆனால் 2000 மி.மீ. என்பது நினைத்தபோதெல்லாம் பயன்படுவதல்ல. கொடிமலை உச்சியிலிருந்து ஜார்ஜ் டவுன் கட்டடத்தையோ பினாங்குப் பாலத்தையோ இழுத்து எடுத்தால் நடுப்பகலில் எல்லாம் தண்ணீருக்குள் இருப்பதுபோல் நெளியும். அது கேமராவின் கோளாறு அல்ல. சூடான நிலத்திலிருந்து எழும் காற்று ஒளியை வளைக்கிறது, இடையில் ஏழெட்டுக் கிலோமீட்டர் ஈரக்காற்று வேறு. எந்த லென்ஸாலும் அதைத் தாண்ட முடியாது. விடியற்காலை, அல்லது மழை விட்டு வானம் கழுவியதுபோல் இருக்கும் அரைமணி நேரம்தான் வாய்ப்பு. ஜூன் முதல் செப்டம்பர் வரை புகைமூட்டம் வந்துவிட்டால் அதுவும் போச்சு. அடுத்த சிக்கல், தேடுவது. 2000 மி.மீ.யில் 100 மீட்டருக்கு அப்பால் தெரியும் அகலம் 1.8 மீட்டர், பறவை கிளை மாறினால் திரையில் இலை மட்டும் இருக்கும். பி950-இல் லென்ஸ் பக்கவாட்டில் ஒரு பொத்தான் உண்டு, அழுத்திப் பிடித்தால் ஜூம் பின்வாங்கும், பறவையை நடுவில் வைத்து விட்டால் பழைய இடத்துக்கே திரும்பும். எஸ்எக்ஸ்70-இலும் அதே மாதிரி ஒன்று இருக்கிறது. அந்தப் பொத்தானைக் கடையிலேயே பத்துத் தரம் அழுத்திப் பழகிப் பாருங்கள், விரல் எட்டவில்லையென்றால் அந்தக் கேமரா உங்களுக்கு இல்லை.

பி1000-ஐப் பெரும்பாலோர் வாங்கக்கூடாது. எடை 1415 கிராம், பி950-ஐவிட 410 கிராம் கூடுதல். நீட்டிய நிலையில் எஃப் 8, ட்ரைபாட் இல்லாமல் நம்பி எடுக்க முடியாது. கூடுதலாகக் கிடைக்கும் 1000 மி.மீ. நிலாவுக்கும் கடலில் கப்பலுக்கும் தவிர நம் ஊர்க் காற்றில் அபூர்வமாகவே பலிக்கும்.

கடையில் பத்து நிமிடம்

உங்கள் மெமரி கார்டைக் கையோடு கொண்டுபோங்கள். போட்டு, முழு ஜூமில் எதிர்க்கடையின் விலைச்சீட்டை ஐந்து படம் எடுங்கள், பாதி அழுத்தும்போது ஃபோகஸ் எத்தனை முறை முன்னும் பின்னும் போய் வருகிறது என்று கவனியுங்கள். சட்டரை 1/250-இல் நிறுத்தி ஐஎஸ்ஓ 800, 1600, 3200 என மூன்று படம். லென்ஸை நீட்டிச் சுருக்குவதைப் பத்துத் தடவை செய்து காது கொடுத்துக் கேளுங்கள். மணல் அரைபடும் சத்தம் வந்தால் விட்டுவிடுங்கள். படங்களை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெரிய திரையில் பார்த்துவிட்டு மறுநாள் வந்து வாங்கினால் கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்தால் வேறு கடை.

விலையில் கணிசமான வித்தியாசம் தெரிந்தால் அது ஏபி செட்டாக இருக்கும், அதாவது அதிகாரபூர்வ விநியோகஸ்தர் வழியாக வராதது. பொருள் போலியல்ல, ஆனால் வாரண்டி அந்தக் கடைக்காரரின் வாய்ச்சொல். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கான சோனி என்றால் மெனு ஜப்பானிய மொழியில் மட்டும் இருக்கும், ஆங்கிலத்துக்கு மாற்றவே முடியாது; மெனுவைத் திறந்து பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. ரசீதில் மாடல், சீரியல் எண், வாரண்டி மாதம் மூன்றும் எழுதியிருக்கட்டும். பிறகு தகராறு வந்தால் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் பதியலாம். அங்கே பேசப்போவது அந்த ரசீதுதான்.

பழைய கேமரா என்றால் முதல் எதிரி பூஞ்சை. கைப்பேசி டார்ச்சை லென்ஸுக்குள் சாய்வாக அடித்துப் பாருங்கள். சிலந்தி வலையின் நூல்போல் கிளை பிரிந்து ஏதாவது தெரிந்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம், கேமராவோடு ஒட்டிய, கழற்ற முடியாத லென்ஸில் உட்புறத்தைத் துடைக்கும் கூலி கேமரா விலையை எட்டும். அடுத்து, அபெர்ச்சரை எஃப் 8 அல்லது அந்தக் கேமரா அனுமதிக்கும் மிகச் சிறிய துவாரத்துக்குக் கொண்டுபோய், வெள்ளைச் சுவரை முழு ஜூமில் எடுங்கள். மங்கலான சாம்பல் வட்டங்கள் தெரிந்தால் சென்சாரில் தூசி. லென்ஸ் மாற்றும் கேமராவில் அது ஐந்து நிமிட வேலை, ஒட்டிய லென்ஸில் முழுக்கப் பிரித்தாக வேண்டும். பாக்கெட் ஜூம்களுக்கு இது குலநோய் மாதிரி; நீண்டு சுருங்கும் லென்ஸ் ஒவ்வொரு தடவையும் காற்றை உள்ளே இழுக்கிறது, சட்டைப்பைப் பஞ்சும் கூடவே போகிறது. சின்ன ஜிப் உறைக்குள் போட்டுப் பைக்குள் வைத்தால் பெருமளவு தவிர்க்கலாம்.

அதைவிட மோசமானது இளநீர். பினாங்கில் இரதத்துக்கு முன்னால் தெருவில் மலைபோல் குவித்துத் தேங்காய் உடைப்பதை எடுக்க எல்லோருக்கும் ஆசை. ஓடு பறக்கும், தண்ணீர் நாலாபுறமும் தெறிக்கும். நீட்டிய லென்ஸ் குழாயில் பட்ட துளி சுருங்கும்போது உள்ளே போய், சர்க்கரையாக உறைந்து, மறுநாள் காலை திரையில் 'லென்ஸ் எரர்' என்று வந்து நிற்கும். 15 மீட்டர் தள்ளி நில்லுங்கள், 200 மி.மீ.யில் 2.7 மீட்டர் அகலம் கிடைக்கும், உடைப்பவரும் குவியலும் அடங்கும். துளி பட்டுவிட்டால் கேமராவை அணைக்காமல், லென்ஸ் நீண்டிருக்கும்போதே ஈரத்துணியால் குழாயைச் சுற்றித் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி, அதற்குப் பிறகு சுருக்குங்கள். பினாங்கின் பத்து பிரிங்கி கடற்கரை மணலுக்கு ஈரத்துணி கூடாது, ஊதுகுமிழால் ஊதினால் போதும். துடைத்தால் மணல் இடுக்கில் ஏறும். பத்துமலையிலும் தண்ணீர்மலையிலும் குரங்குக்குக் கேமராவும் வாழைப்பழமும் ஒன்றுதான், வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள்.

குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் ஆவி படியும். இறங்கும் முன் கேமராவை ஜிப் பைக்குள் மூடி, வெளியே கொண்டுவந்து இருபது முப்பது நிமிடம் கழித்துத் திறந்தால் ஆவி பையின் வெளிப்புறத்தோடு நின்றுவிடும். வீட்டில் அலமாரியில் வைக்காதீர்கள், தோல் உறையில் அறவே வேண்டாம், நம் ஈரப்பதத்தில் பூஞ்சைக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. மின்சார உலர்பெட்டி வாங்க மனமில்லையென்றால், ரப்பர் விளிம்பு உள்ள சாப்பாட்டு டப்பா ஒன்று, 200 கிராம் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மானி ஒன்று. முள் 40-க்கும் 50-க்கும் இடையில் நிற்க வேண்டும். 55-ஐத் தாண்டினால் ஜெல்லை வாணலியில் மிதமான சூட்டில் வறுத்து, ஆறவைத்துத் திரும்பப் போடுங்கள். நிறம் மாறும் ஜெல்லை மட்டும் சமைக்கிற வாணலியில் வறுக்காதீர்கள், அதற்கென ஒரு பழைய சட்டி ஒதுக்கிவிடுங்கள். சிலவற்றின் நிறச்சாயம் நஞ்சு.